முனைக் காவலாளர் எனத் திருத்தி வாசிக்கவும்

“விசில் தந்திட்டாங்களா?” என்று கிரேன் சாரதி முத்தலிப் கேட்டபோது, ஸெய்னுதீன் தேநீர்க் கோப்பையை வாய்க்குக் கிட்டக் கொண்டு போயிருந்தான்.

“என்ன விசில்?”

“வோச்சர்மாருக்குக் குடுக்கிற விசில். தொப்பியும் தருவாங்க. பெரிசாப் பாத்துக் கேளு, உன்ட தலைக்குச் சின்னது சரிவராது.”

ஸெய்னுதீன் கோப்பையை மேசையில் வைத்தான். அவன் துறைமுகச் சரக்குக் கந்தோரில் போர்வேர்டிங் கிளாக்கர். கப்பலால் இறங்குகிற சாமான் எந்த ஊருக்கு, எந்த லொறியில், எந்த ரயில் பெட்டியில் போகவேண்டும் என்று பத்திரம் எழுதி அனுப்பி வைக்கிற உத்தியோகம். ஏழு வருடச் சேவை. மேசை உண்டு, மேசைக்குப் பூட்டு உண்டு, பூட்டுக்குத் திறப்பும் அவனிடம்தான் உண்டு. அவனுக்கும் விசிலுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது.

“உனக்கு ஆர் சொன்ன?”

“பலகை சொல்லுது. போய்ப் பாரு.”

கந்தோர் வாசல் அறிவித்தல் பலகைக்கு முன்னால் பத்துப் பதினைந்து பேர் நின்றார்கள். ஸெய்னுதீனைக் கண்டதும் வழி விட்டார்கள். செத்த வீட்டில் சொந்தக்காரருக்கு விடுகிற மாதிரியான வழி. பலகையில் ஓர் அரைத்தாள் ஒட்டியிருந்தது.

‘அனுப்பீட்டுப் பகுதி ஜனாப் எம். ஸெய்னுதீன் அவர்கள் இன்று முதல் காவலாளராகக் கடமையாற்றுவார். வி. சோமசேகரம், பிரதம எழுதுவினைஞர்.’

நடந்தது இவ்வளவுதான். துறைமுக ஊழியர் கூடைப்பந்து அணியில் ஸெய்னுதீன் நான்கு வருடமாக முன்னுக்கு நின்று கூடையில் பந்து போடுகிறவன். அதற்கு ஆட்டத்தில் போர்வேர்ட் என்று பெயர். பயிற்றுநர் குலசிங்கம் மாஸ்டர் திடீரென்று அவனைப் பின்னுக்கு இழுத்து, பந்தைக் கொண்டு வந்து மற்றவர்களுக்குக் கொடுக்கிற, எதிராளியை மறிக்கிற இடத்தில் விட்டார். அதற்குப் பெயர் கார்ட். இதை இங்கிலீஷில் ஒரு வரியாக எழுதி, தமிழில் பலகையில் போடச் சொல்லிச் சோமசேகரத்தாரிடம் கொடுத்தார். சோமசேகரத்தாரோ எந்த இங்கிலீஷ் சொல்லையும் மொழிபெயர்க்காமல் தன் மேசையைத் தாண்ட விடாத மனிதர். போர்வேர்ட் என்று கண்டால் இருபது வருடமாக அனுப்பீடு என்றே எழுதிப் பழகிய கை அது. கார்ட், காவலாளர் ஆனார்; துறைமுகத்தில் காவலாளர் என்றால் கேட்டில் நிற்கிற வோச்சர்தான். ‘விளையாடுவார்’ என்பது அரசாங்கப் பலகையில் போடத்தக்க சொல்லாக அவருக்குப் படவில்லை. கடமையாற்றுவார் என்று போட்டுவிட்டார்.

“ஐயா, இது கூடைப்பந்து விசயம்,” என்றான் ஸெய்னுதீன்.

“தெரியும் தம்பி.”

“அப்ப கூடைப்பந்து எண்டு ஒரு சொல்லுப் போட்டிருக்கலாமே?”

“கடதாசித் தட்டுப்பாடு. அரைத்தாளுக்கு மேல பாவிக்கக்கூடாதெண்டு சுற்றறிக்கை வந்திருக்கு. அதால தலைப்பை எடுத்திட்டன். கருத்துப் பிழையில்லையே?”

“கார்ட் எண்டாவது விட்டிருக்கலாம்.”

“கார்ட் எண்டால் ரயில் கார்ட். உம்மை ரயிலுக்கு மாத்தினதாச் சனம் விளங்கிக் கொள்ளாதோ? நான் யோசிக்காமல் ஒரு சொல்லும் எழுதிறதில்லை.”

வேறு காலமென்றால் ஸெய்னுதீன் சிரித்துவிட்டுப் போயிருப்பான். இப்போது சிரிப்பு வரவில்லை. ஆற்றுக்கு அக்கரையில் கிண்ணியாவில் மரக்கறி மொத்த வியாபாரம் செய்கிற முஹம்மது தம்பி ஹாஜியாரின் மகள் ஸல்ஹாவை அவனுக்குப் பேசிக்கொண்டிருந்தார்கள். பேச்சுத் தொடங்கி எட்டு மாதம். ஹாஜியார் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. ஸல்ஹாவை ஸெய்னுதீன் ஒரே ஒரு தடவைதான் கண்டிருக்கிறான். ஒரு கலியாண வீட்டில் அவன் செருப்பு வார் அறுந்து, ஒற்றைக் காலில் துள்ளிக்கொண்டு போனபோது அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அன்றிலிருந்து அவனுக்கு அந்தப் பெண் வேண்டும். வேறு எந்தப் பெண்ணும் வேண்டாம். சோறு இறங்காத அளவுக்கு வேண்டும்.

துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர்களில் பாதிப்பேர் கிண்ணியா ஆட்கள். பலகையில் ஒட்டிய பசை காயுமுன்னே செய்தி அக்கரை போய்ச் சேர்ந்திருக்கும்.

அன்று மாலை வீட்டுக்குப் போனபோது ராத்தா ஜெமீலா குசினி வாசலில் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். பெண் கேட்டுப் போவதும் வருவதும் எல்லாம் அவள் பொறுப்புத்தான்.

“கிண்ணியாவால ஆள் வந்திட்டுப் போகுது. ‘மாப்பிள்ள இப்ப கேட்டிலயா நிக்காரு?’ எண்டு கேக்காங்க. நான் என்னத்தச் சொல்ற?”

“இல்லையெண்டு சொல்ல வேண்டியதுதானே ராத்தா!”

“சொன்னன். சொன்னதுக்குப் பிறகும், ‘காலையிலயா பின்னேரத்திலயா?’ எண்டு கேக்காங்க.”

“குத்திக் கேக்காங்க,” என்றான் ஸெய்னுதீன். அவனுக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது.

மறுநாள் காலையிலேயே குலசிங்கம் மாஸ்டரைப் பிடித்து இழுத்துக்கொண்டு சோமசேகரத்தாரிடம் போனான். மாஸ்டர் துறைமுக வேலைத்தலத்தில் படம் வரைகிறவர். அமெரிக்கப் புத்தகம் ஒன்றைத் தருவித்து வைத்துக்கொண்டு, அதைப் பார்த்துத்தான் அணியைப் பழக்கினார்.

“ஐயா, வெறும் கார்ட் இல்லை. பொயின்ற் கார்ட். அதைத் தெளிவாப் போட்டால் ஒருத்தருக்கும் பிழையாய் விளங்காது,” என்றார் மாஸ்டர்.

சோமசேகரத்தார் பேனையைத் திறந்தார். “பொயின்ற் எண்டால் முனை. சரிதானே?”

“ஓம், முனைதான்,” என்றார் மாஸ்டர். பாவம், அவருக்கு அவசரம்.

பத்து மணிக்குத் திருத்தம் பலகையில் ஏறியது.

‘முந்திய அறிவித்தலில் காவலாளர் என்றிருப்பதை முனைக் காவலாளர் எனத் திருத்தி வாசிக்கவும். தவறுக்கு வருந்துகிறோம்.’

துறைமுகத்தின் கோடியில், இறங்குதுறைக்குப் போகிற பக்கத்தில், முனைக் கேட் என்று ஒரு கேட் இருந்தது. நிழலுக்கு ஒரு மரம் கிடையாது. லொறிப் புழுதியும் குரங்கும்தான். காலையில் கட்டிக்கொண்டு போன சோற்றைக் குரங்கு தின்னாமல் காப்பாற்றிய வோச்சர் எவனும் இன்றுவரை இல்லை. தண்டனைக்கு மட்டும்தான் அங்கே ஆள் போடுவார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும்.

“முனைக் கேட்டுக்கா?” முத்தலிப் ஓடிவந்து ஸெய்னுதீனின் தோளைத் தொட்டான். உண்மையிலேயே கவலைப்பட்டான். “அப்படி என்னத்தக் களவெடுத்த நீ?”

அந்தக் கிழமை சனிக்கிழமை ஆட்டம். துறைமுக மைதானத்துச் சீமெந்துத் தரையைச் சுற்றி நானூறு பேர் நின்றார்கள். போன மாதம்வரை அந்த நானூறு பேரும் ஸெய்னுதீன் பந்தைத் தொட்டாலே பேர் சொல்லிக் கத்தியவர்கள். இப்போது அவன் பந்தைக் கொண்டு வந்தான், இடமாகப் பார்த்தான், வலமாகக் கொடுத்தான். அவன் அணியிலேயே இருந்த, சள்ளி ஊர்க் கதிரவேல் அதை வாங்கிக் கூடையில் போட்டான். கைதட்டல் கதிரவேலுக்கு. மறுபடியும் கொண்டு வந்தான், கொடுத்தான். கைதட்டல் கதிரவேலுக்கு.

“ஏன் போடாமல் நிக்கிறான்? கையில ஏதும் வருத்தமோ?” என்று ஒரு குரல் கேட்டது.

“அவன் இப்ப வோச்சரடா. ஆக்களை உள்ள விடுறதுதான் அவன்ட வேலை!” என்று முத்தலிப் கத்தினான்.

மைதானம் விழுந்து விழுந்து சிரித்தது. கப்பலுக்குச் சங்கு ஊதுகிற குரல் முத்தலிப்புக்கு. அவன் ஒரு பேரை வைத்தால் அது துறைமுகம் முழுக்கப் போய்ச் சேரும். ஆட்டம் முடிந்தபோது அணி ஒன்பது புள்ளியால் வென்றிருந்தது. கதிரவேலுக்கு மாலை போட்டார்கள். ஸெய்னுதீனிடம் ஒருவர் வந்து, முனைக் கேட்டில் குரங்குத் தொல்லை எப்படி என்று விசாரித்தார்.

ஞாயிற்றுக்கிழமை ஜெமீலா குடையை எடுத்தாள். பஸ் ஏறி, பிறகு பாதை என்கிற மிதவைப் படகில் ஆறு கடந்து, ஹாஜியார் வீட்டுக்கே நேரில் போனாள். இது விளையாட்டு, உத்தியோகம் இல்லை என்று முகத்துக்கு முகம் சொல்லி முடித்துவிட்டு வருவதாகச் சொல்லிப் போனவள், பின்னேரம் திரும்பி வந்து குடையை மூலையில் எறிந்தாள்.

“என்ன ராத்தா?”

“பந்துதான், விளையாட்டுத்தான், என்ட தம்பி அதில காவலுக்கு நிக்கான், அவ்வளவுதான் எண்டன். அந்தப் புள்ளட உம்மா கேக்கா, ‘பந்துக்கு எதுக்குக் காவல்? அத ஆர் களவெடுக்கப் போற?’ எண்டு.”

“நீங்க என்ன சொன்ன?”

“நீதானே அண்டைக்குப் பெருமையாச் சொன்ன? அதத்தான் சொன்னன். ‘என்ட தம்பிதான் களவெடுக்கிற! ஒரு ஆட்டத்தில பத்துத் தரம் களவெடுப்பான்!’ எண்டு.”

ஸெய்னுதீன் கதிரையில் இருந்துவிட்டான். எதிராளியின் கையிலிருந்து பந்தைப் பறிப்பதற்கு ஆட்டத்தில் களவெடுப்பது என்றுதான் பெயர்.

“ஹாஜியார் இருமி இருமிச் சிரிக்காரு. பிறகு சொல்றாரு, ‘புள்ள, இதுக்கெல்லாம் வெக்கப்பட்டு மறைக்கத் தேவல்ல. கேட்டில நிக்கிறதும் ஹலாலான தொழில்தான்’ எண்டு. நாம பொய் சொல்றம் எண்டு நினைக்காரு தம்பி. நான் இனி எந்த முகத்தோட அந்தப் படி ஏறுவன்?”

விளக்கம் சொன்னதால் வோச்சர் இப்போது கள்ள வோச்சராகவும் ஆகியிருந்தான்.

அடுத்த ஆட்டத்தில் இன்னொரு கரைச்சல் தொடங்கியது. ஸெய்னுதீனுக்கு அந்த இடம் பிடித்துவிட்டது. அதை அவனே எதிர்பார்க்கவில்லை. நான்கு வருடமாக அவன் கூடையை மட்டும்தான் பார்த்து விளையாடியிருக்கிறான். இப்போது பின்னுக்கு நின்று பார்க்கையில், யார் எங்கே ஓடுகிறான், யாருக்கு மூச்சு வாங்குகிறது, எந்தப் பக்கம் ஓட்டையாக இருக்கிறது என்று எல்லாம் தெரிந்தது. எதிரணியின் கெட்டிக்காரன் ஒருவனை இருபது நிமிடம் அசைய விடாமல் மறித்து வைத்தான். அவன் இடப்பக்கம் வந்தால் ஸெய்னுதீன் இடப்பக்கம், வலப்பக்கம் வந்தால் வலப்பக்கம். கடைசியில் அந்தப் பையன் கோபத்தில் பந்தை நிலத்தில் அடித்துவிட்டு மத்தியஸ்தரிடம் முறையிடப் போனான்.

“கேட்டைப் பூட்டு வோச்சர்!” என்று முத்தலிப் கத்தினான். இந்தமுறை அதில் கேலி இல்லை.

“கேட்டைப் பூட்டு!” என்று இடப்பக்கத்து இருநூறு பேரும் கத்தினார்கள்.

“வோச்சர்! வோச்சர்!” என்று வலப்பக்கத்து இருநூறு பேரும் கத்தினார்கள்.

மூன்றாவது ஆட்டத்துக்கு அறுநூறு பேர் வந்தார்கள். பாண் கடை வரிசையில் அவனுக்கு முன்னால் நின்றவர்கள், “வோச்சர், நீங்க முன்னுக்கு வாங்கோ,” என்றார்கள். பாலையூற்று பஸ்ஸில் கொண்டக்டர், “முனைக் கேட் வோச்சருக்கு ஒரு சீற் குடுங்கோ!” என்று சத்தம் போட்டார். ஆட்டம் முடிந்ததும் ரசிகர்கள் சேர்ந்து அவனுக்கு ஒரு காக்கித் தொப்பியும் விசிலும் பரிசளித்தார்கள். தொப்பி பெரிதாகவே இருந்தது. முத்தலிப் பார்த்து வாங்கியிருந்தான்.

அதாவது, மோசமாக விளையாடினால் வோச்சர் என்று சிரித்தார்கள். நன்றாக விளையாடினால் வோச்சர் என்று கொண்டாடினார்கள். இரண்டில் கொண்டாட்டம்தான் மோசமானது. அது கிண்ணியாவரை கேட்டது.

ஸெய்னுதீன் தொப்பியைக் கையில் பிடித்தபடி குலசிங்கம் மாஸ்டரிடம் போய் நின்றான்.

“மாஸ்டர், என்னைத் திருப்பிப் போர்வேர்ட்டுக்கு மாத்துங்க.”

“உனக்கென்ன விசரா? மூண்டு ஆட்டம், மூண்டும் வெற்றி. இதுக்கு முதல் நாங்கள் எப்ப வெண்டனாங்கள், சொல்லு பாப்பம்?”

“சனம் வோச்சர் எண்டு கத்துது.”

“முந்தியும் கத்தினதுதான். ஸெய்னுதீன் ஸெய்னுதீன் எண்டு கத்திச்சினம், நாங்கள் தோத்தம். பந்து போடுறதுக்கு எங்களிட்ட நாலு பேர் இருக்கினம். எங்க, எப்ப குடுக்கவேணும் எண்டு தெரிஞ்சவன் நீ ஒராள்தான். வெளியில நிக்கிற சனத்துக்குப் பந்து விழுற இடம்தான் தெரியும். எங்கயிருந்து வந்தது எண்டு ஆர் பாக்கிறான்?”

அது அவன் வாழ்க்கையில் கேட்ட மிகப் பெரிய பாராட்டு. இருந்தும் அவனால் அதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியவில்லை. வேறு வழியில்லாமல் ஸல்ஹாவின் கதையைச் சொன்னான். செருப்பு வார்வரை எல்லாவற்றையும் சொன்னான்.

மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “இதை முதலே சொல்லியிருக்கலாமே தம்பி. ஆளை மாத்த ஏலாது. ஆனால் நானே ஹாஜியாருக்கு ஒரு கடிதம் தாறன். பயிற்றுநர் எண்டு கையெழுத்து வைச்சுத் தாறன். பிறகு என்ன பயம்?”

மாஸ்டர் இங்கிலீஷில் எழுதினார். ஹாஜியாருக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆகவே கடிதம் யாருடைய மேசைக்குப் போயிருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஒட்டி முத்திரை வைத்த உறையைத்தான் ஸெய்னுதீன் கண்டான். உள்ளே என்ன இருந்தது என்பது, கிண்ணியாவுக்குப் போய்ப் படிக்கக் கேட்ட ஜெமீலா திரும்பி வந்து ஒப்புவித்தபோதுதான் அவனுக்குத் தெரிந்தது.

‘ஜனாப் ஸெய்னுதீன் அவர்களைப் போன்றதொரு காவலாளரை இத்துறைமுகம் இதுவரை கண்டதில்லை. அவரைத் தாண்டி எவரும் உட்புக முடியாது. அதேவேளை, தமக்கு வேண்டியவர்களுக்கு வழி திறந்துவிடுவதில் அவர் மகா சமர்த்தர். நான் பொறுப்பில் இருக்கும்வரை அவரை முனையிலிருந்து வேறெங்கும் மாற்றேன் என இத்தால் உறுதி கூறுகிறேன்.’

“அல்லாஹ்வே!” என்று ஸெய்னுதீன் தலையில் கை வைத்தான். “ஹாஜியார் கிழிச்சுப் போட்டாரா?”

“இல்ல. ரெண்டு தரம் வாசிக்கச் சொல்லிக் கேட்டாரு. பிறகு மடிச்சு இடுப்பு வாருக்குள்ள வெச்சுக்கிட்டாரு.”

“ஒண்டும் சொல்லல்லையா?”

“‘சனிக்கிழமை நானே வாறன். கண்ணால ஒருக்காப் பாக்கணும்’ எண்டாரு.”

சனிக்கிழமை இறுதி ஆட்டம், நகர அணியோடு. ஹாஜியார் கண்ணால் பார்த்துவிட்டுச் சபையில் வைத்து இல்லை என்று சொல்லப் போகிறார் என்பதில் ஸெய்னுதீனுக்கு ஒரு சந்தேகமும் இருக்கவில்லை. நான்கு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. 

நாலரை மணிக்கு ஹாஜியாரின் லொறி மைதானத்துக்குப் பக்கத்தில் வந்து நின்றது. சாரதி பக்கீர் ஒரு கதிரையை இறக்கி, முன்வரிசையில் போட்டான். வெள்ளைத் தொப்பியும் குடையுமாக ஹாஜியார் அதில் அமர்ந்தார். அவர் பின்னால் முத்தலிப் நின்றான். ஸெய்னுதீனுக்கு அந்த இடத்திலேயே காய்ச்சல் கண்டது.

முதல் பாதியில் மாஸ்டர் சொன்னபடி விளையாடினான். கொண்டு வந்தான், கொடுத்தான், மறித்தான். அணி எட்டுப் புள்ளி முன்னுக்கு நின்றது. “கேட்டைப் பூட்டு வோச்சர்!” என்று எழுநூறு பேரும் கத்தினார்கள். ஹாஜியார் திரும்பி முத்தலிப்பிடம் எதையோ கேட்டார். முத்தலிப் நெஞ்சில் கை வைத்து, கையை உயர்த்தி, முனைக் கேட் இருக்கிற திசையைக் காட்டி, ஒரு பெரிய பிரசங்கமே செய்தான். ஹாஜியார் தாடியைத் தடவிக்கொண்டு சிரித்தார். அது கேலிச் சிரிப்பு என்று ஸெய்னுதீன் தீர்மானித்துவிட்டான்.

இடைவேளையில் தண்ணீர் குடிக்கும்போது அவன் ஒரு முடிவுக்கு வந்தான். மாஸ்டர் காட்டிய இடம் அவனுக்குப் பிடித்திருந்தது. உண்மையைச் சொன்னால், நான்கு வருடம் பந்து போட்டதில் கிடைக்காத சந்தோசம் இந்த நான்கு கிழமையில் கிடைத்திருந்தது. ஆனால் ஸல்ஹா வேண்டும் என்றால் அந்த இடத்தை விட வேண்டியதுதான். அவன் போர்வேர்ட் என்பதை இந்தச் சனமே வாயால் சொல்லவேண்டும். ஹாஜியாரின் காதில் அது விழவேண்டும்.

இரண்டாம் பாதியில் முதல் பந்தைக் கொண்டு வந்தான். கதிரவேல் கூடைக்குக் கீழே ஆளில்லாமல் கையை நீட்டிக்கொண்டு நின்றான். ஸெய்னுதீன் அவனைப் பார்க்காதவன் போலத் தானே எறிந்தான். விழுந்தது.

“குடுடா!” என்று மாஸ்டர் கத்தினார்.

அடுத்ததையும் எறிந்தான். அதுவும் விழுந்தது. அதற்கடுத்தது விழவில்லை.

“டேய், குடுடா எண்டு சொல்றன்!”

“இஞ்ச பாரடா, என்ட கை சும்மா கிடக்குது!” என்று கதிரவேல் கத்தினான்.

ஸெய்னுதீன் ஒருவருக்கும் கொடுக்கவில்லை. எறிந்துகொண்டே இருந்தான். ஏழு விழுந்தன, பதினொன்று விழவில்லை. அவன் முன்னுக்கு ஓடிப்போய் நின்றதால் பின்பக்கம் திறந்து கிடந்தது. நகர அணிப் பையன்கள் ஒருவர் பின் ஒருவராக வந்து அவசரமில்லாமல் போட்டுவிட்டுப் போனார்கள்.

“வோச்சர் கேட்டை விட்டிட்டு எங்க போறான்?” என்று முத்தலிப் கேட்டான். அவன் குரலில் முதல் தடவையாகச் சங்கு இல்லை. கடைசி ஐந்து நிமிடமும் மைதானம் வாய் திறக்கவில்லை.

ஒரு புள்ளியால் தோற்றார்கள்.

குலசிங்கம் மாஸ்டர் புத்தகத்தை மூடிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வந்தார். அவர் ஏசவில்லை. ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“சரி தம்பி. வாற கிழமையில இருந்து நீ போர்வேர்ட். சந்தோசம்தானே?”

 ஸெய்னுதீனால் கதிரவேலின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஆனாலும் அழுவதற்கு இது நேரமில்லை. கூட்டத்துக்குள் நுழைந்து சோமசேகரத்தாரின் கையைப் பிடித்தான்.

“ஐயா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும். ஹாஜியாருக்கு முன்னால ஒரு வசனம். ஒரே ஒரு வசனம். நான் ஆர் எண்டு விளக்கமாச் சொல்லிவிடுங்க.”

சோமசேகரத்தார் ஹாஜியாரின் முன்னால் போய் நின்று, தொண்டையைச் செருமினார். முப்பது வருடச் சேவையில் முதல் தடவையாக, ஒருவரும் பிழையாக விளங்கிக்கொள்ள முடியாத தமிழ் அவர் வாயிலிருந்து வந்தது.

“ஹாஜியார், பலகையில வந்ததும் கடிதத்தில வந்ததும் விளையாட்டு விசயம். என்னிலதான் பிழை. இந்தத் தம்பி எந்தக் கேட்டிலயும் வோச்சர் இல்லை. முனைக் கேட்டில ஒரு நாள்கூட நிண்டதில்லை. நிக்கப் போறதும் இல்லை. இவர் எங்கட கந்தோர்க் கிளாக்கர். மேசையும் கதிரையும் நான் நேரில காட்டுவன்.”

“கிளாக்கரா?” என்றார் ஹாஜியார்.

“கிளாக்கர்தான்.”

“சத்தியமா?”

“சத்தியமா.”

ஹாஜியார் இடுப்பு வாருக்குள் இருந்த கடிதத்தை எடுத்தார். நீவி, மடித்து, சோமசேகரத்தாரின் கையிலேயே கொடுத்தார். ஸெய்னுதீனை ஏற இறங்க ஒரு தடவை பார்த்தார். பிறகு ஒரு வார்த்தையும் பேசாமல் குடையை ஊன்றிக்கொண்டு லொறியை நோக்கி நடந்தார்.

மகிழ்ச்சியில் பேச்சு வரவில்லைபோலும் என்று ஸெய்னுதீன் முதலில் நினைத்தான். ஆனால் ஹாஜியாரின் நடை அப்படி இருக்கவில்லை. கதிரையை எடுக்கத் திரும்பி வந்த சாரதி பக்கீரை மறித்தான்.

“பக்கீர் காக்கா, ஹாஜியாருக்கு என்ன? எல்லாம் வெளிச்சமாப் போச்சே! நான் வோச்சர் இல்லையே, கிளாக்கர்தானே!”

பக்கீர் கதிரையைத் தூக்கித் தலையில் கவிழ்த்துக்கொண்டு, ஸெய்னுதீனை மிகுந்த இரக்கத்தோடு பார்த்தான்.

“அதுதானே தம்பி பிழை! கப்பலுக்கு ஏத்துற எங்கட மரக்கறி முனைக் கேட்டில நாள் முழுக்கக் கிடந்து அழுகுது. கேட்டுக்காரன் ஒருத்தன் மருமகனா வாறான் எண்டுதான் ஹாஜியார் வாற வெள்ளிக்கே நிக்காஹ் வெச்சிருந்தவரு!”